அளந்து விட்ட கயிறு: ஆற்றோரத்தில் படகை நிறுத்தும் அறிவியல்

சிதம்பரத்துக்கு வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலைத் தொடும் இடங்களுக்கு நடுவே பிச்சாவரத்துச் சதுப்புக்காடும் அதனுள் பின்னிக் கிடக்கும் வாய்க்கால்களும். கரையோரமாக வடக்கே போனால் கடலூரில் உப்பனாறு, கெடிலம், அதைத் தாண்டிப் பெண்ணையாறு. இந்த நீர்நிலைகளை நம்பி மீன், நண்டு, இறால் பிடிப்போரும், ஆளையும் சரக்கையும் அக்கரை சேர்ப்போரும், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வோருமாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுக்குப் படகுதான் முதல்.

ஒரு சிறு படகு ஓடும் நேரத்தைவிட நின்று கிடக்கும் நேரமே அதிகம். ஆனால் எஞ்சினின் குதிரைத்திறன் பற்றியும் வலையின் கண்ணளவு பற்றியும் பேசும் அளவுக்கு, படகை எப்படி நிறுத்துவது என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. மாலையில் கட்டிய படகு காலையில் இடம் மாறியிருக்கும், அல்லது ஒரு பக்கம் சாய்ந்து நீர் ஏறிக் கிடக்கும். கயிறு பத்தவில்லை, கல் கனமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த முறை இன்னும் கனமான கல்லைத் தேடுவோம், இன்னும் இறுக்கிக் கட்டுவோம். பல நேரங்களில் அந்த இறுக்கம்தான் சிக்கலின் தொடக்கம். ஓடும் நீரில் படகைக் காப்பது கணக்காக விடப்பட்ட தளர்வு. அது ஏன் என்பதற்கான விடை நீரின் விசையிலும், கயிறு சாயும் கோணத்திலும், ஆற்றின் அடித்தரையிலும் இருக்கிறது.

நீர் தள்ளும் விசை

ஓடும் நீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை, நீரின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. நேற்று அசையாமல் நின்ற படகு இன்று சற்றே வேகம் கூடிய நீரில் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போவது இதனால்தான்.

ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு பைபர் படகு கால் மீட்டர் ஆழத்துக்கு நீரில் அமிழ்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் கூர்முனை நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்றால், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் நீர் அதை ஏறத்தாழ நான்கு, ஐந்து கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். ஒரு சிறுவன்கூடப் பிடித்து நிறுத்திவிடலாம். வேகம் இரண்டு மீட்டரானால் அது பதினெட்டு கிலோ.

அதே படகு நீரோட்டத்துக்குக் குறுக்கே திரும்பிவிட்டால் கணக்கே வேறு. நீருக்கு முகம் கொடுக்கும் பரப்பு ஐந்து மடங்காகிறது. கூர்மையான முனை நீரை வழுக்கிவிடும். தட்டையான பக்கம் தடுத்து நிறுத்தும். ஒரு மீட்டர் வேகத்திலேயே எழுபத்தைந்து கிலோ, இரண்டு மீட்டர் வேகத்தில் முந்நூறு கிலோ அளவுக்கு விசை ஏறிவிடும். ஆகவே நங்கூரமிடுவதன் நோக்கம் படகைப் பிடித்து வைப்பதோடு முடிவதில்லை. படகின் முகம் எப்போதும் நீரோட்டத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

அணியத்தில் கட்டு

படகின் முன்முனையை அணியம் என்போம். நங்கூரக் கயிற்றை அணியத்தில் கட்டினால், படகு திசைகாட்டி முள் போலத் தானே நீரோட்டத்தை நோக்கித் திரும்பிக்கொள்ளும். அலை வந்தாலும் உயர்ந்திருக்கும் முன்முனை அதன் மேல் ஏறி இறங்கும்.

பின்புறத்தில் கட்டுவது ஆபத்து. தனியாகப் படகில் இருப்பவர் எழுந்து முன்னே போகச் சோம்பி, உட்கார்ந்த இடத்திலிருந்தே பின்புறம் கயிற்றைக் கட்டிவிடுவது பல நாடுகளிலும் சிறு படகுகள் மூழ்கக் காரணமாகியிருக்கிறது. பின்பலகை தட்டையானது, நீரை முழுதாகத் தடுக்கும். அங்கேதான் எஞ்சினின் எடையும் இருக்கிறது. விளிம்பும் அங்கேதான் தாழ்வு. நீர் தள்ளத் தள்ள, சாய்வாக இறங்கும் நங்கூரக் கயிறு அந்தத் தாழ்ந்த விளிம்பை இன்னும் கீழே இழுக்கிறது. ஓர் அலை உள்ளே வந்தால் பின்புறம் மேலும் தாழும். அடுத்த அலை எளிதாக ஏறும். இப்படி ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுழலில் படகு மூழ்கச் சில நொடிகள் போதும். பக்கவாட்டில் கட்டுவதும் இதே அளவு மோசம்.

எடையா, பிடியா?

நங்கூரம் என்றாலே கனம் என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. கல்லை நங்கூரமாகப் பயன்படுத்தும் வழக்கம் உலகின் பல கடற்கரைகளிலும் இருந்தது. இன்றும் நம் ஆறுகளில் கருங்கல்லோ, கான்கிரீட் கட்டியோ, மணல் மூட்டையோ படகோடு போவதைப் பார்க்கலாம். அதன் போதாமையை ஆர்க்கிமிடீஸ் தத்துவமே சொல்லிவிடும்.

நீரில் மூழ்கிய பொருள், தான் விலக்கிய நீரின் எடையளவுக்குத் தன் எடையை இழக்கிறது. கருங்கல்லின் அடர்த்தி நீரைப்போல 2.65 மடங்கு. எனவே இருபது கிலோ கருங்கல் ஆற்றடியில் பன்னிரண்டரைக் கிலோதான். கான்கிரீட் என்றால் இன்னும் குறைவு. இரும்பு எட்டில் ஒரு பங்கைத்தான் இழக்கும். மேலும், கல் தரையைப் பிடித்துக்கொள்வதில்லை. உராய்வினால் மட்டுமே நிற்கிறது. மணல் தரையில் அந்த உராய்வு எடையில் ஏறக்குறைய பாதி. ஆகக் கரையில் தூக்கும்போது முதுகை வளைக்கும் அந்த இருபது கிலோ கல், நீருக்கடியில் ஆறு கிலோ விசையைத்தான் தாங்கும். நொடிக்கு ஒரு மீட்டர் நீரோட்டத்தில் நின்ற நம் படகு, வேகம் ஒன்றரை மீட்டரைத் தொடும் முன்பே அந்தக் கல்லை உருட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

கொக்கியும் அலகும் உள்ள இரும்பு நங்கூரம் வேறு வகையில் வேலை செய்கிறது. அது தரைக்குள் புதைகிறது. புதைந்தபின் அதை நகர்த்த வேண்டுமானால் முன்னால் இருக்கும் மண் முழுவதையும் பெயர்த்துத் தள்ள வேண்டும். நல்ல மணலில் சரியாகப் புதைந்த நங்கூரம் தன் எடையைப்போலப் பத்து, இருபது மடங்கு விசையைக்கூடத் தாங்கும்.

இதைக் கணிதத்தோடு அணுகியவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர். பாய்மங்களின் கொந்தளிப்பைப் பற்றிய அவருடைய ஆய்வுகளை இன்றும் பொறியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். பாய்ப்படகு ஓட்டுவதில் பெருவிருப்பம் கொண்டிருந்த அவர், எடை குறைந்து பிடி மிகுந்த நங்கூரம் வேண்டும் என்று தேடி, கலப்பையின் கொழு வடிவில் ஒன்றை உருவாக்கி 1933-இல் காப்புரிமை பெற்றார். எந்தப் பக்கம் விழுந்தாலும் இழுபடும்போது தானே புரண்டு மண்ணுக்குள் இறங்கும் வடிவம் அது. நீரில் இறங்கும் விமானங்களுக்கும் அந்த நங்கூரம் பயன்பட்டது. வானூர்திக்கு ஒவ்வொரு கிலோவும் முக்கியம் என்பதால், எடையைப் பிடியால் ஈடுசெய்யும் நங்கூரம் அங்கே மதிப்புப் பெற்றது. நம் பைபர் படகுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

கயிற்றின் சாய்வு

புதையும் நங்கூரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைக் கிடைமட்டமாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் அது பெயர்ந்துவிடும். படகு கிளம்பும்போது நங்கூரத்தை எடுப்பதற்கு நாம் செய்வதே அதுதான்: நங்கூரத்துக்கு நேர் மேலே வந்து செங்குத்தாக இழுக்கிறோம். கயிற்றைக் குட்டையாக விட்டுப் படகை நிறுத்துபவர், தன்னையறியாமல் இரவு முழுக்க நங்கூரத்தைப் பெயர்க்கும் வேலையை ஆற்றிடம் ஒப்படைக்கிறார்.

இதை எண்களில் பார்ப்போம். நீரும் காற்றுமாகச் சேர்ந்து படகைத் தள்ளுவதால் கயிற்றின் வழியே ஐம்பது கிலோ இழுவிசை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீரின் ஆழத்தைப்போல இரண்டு மடங்கு நீளத்துக்குக் கயிறு விட்டிருந்தால், அது தரையோடு முப்பது பாகைக் கோணத்தில் நிற்கும். அப்போது ஐம்பதில் பாதி, அதாவது இருபத்தைந்து கிலோ, நங்கூரத்தை மேலே தூக்கும். மூன்று மடங்கு விட்டால் பதினேழு கிலோ. ஐந்து மடங்கில் பத்து கிலோ. ஏழு மடங்கில் கோணம் எட்டுப் பாகைதான். தூக்கும் விசையும் ஏழு கிலோவுக்கு இறங்கிவிடும். எட்டுக் கிலோ இரும்பு நங்கூரத்தின் எடை நீருக்குள் ஏறத்தாழ ஏழு கிலோ. ஏழு மடங்கு கயிற்றில் அந்த எடையே தூக்கும் விசைக்கு ஈடுகொடுத்துவிடுகிறது. நங்கூரம் கிடந்தபடியே கிடக்கும். அமைதியான நேரத்தில் ஐந்து மடங்கு, காற்று எழுந்தால் ஏழு மடங்கு என்று உலகெங்கும் படகோட்டிகள் கடைப்பிடிக்கும் அளவு இந்தக் கோணக் கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது.

இங்கே ஆழம் என்பதைச் சரியாகக் கொள்ள வேண்டும். கயிறு தொடங்குவது நீர்மட்டத்தில் அல்ல, அணியத்தின் உச்சியில். கடல் ஓதம் ஏறினால் ஆற்றில் நீர் மேலும் உயரும். நிறுத்தும் நேரத்தில் இரண்டு மீட்டர் ஆழம், அணியத்தின் உயரம் அரை மீட்டர், இனி ஏறப்போகும் நீர் முக்கால் மீட்டர் என்றால் மொத்தம் மூன்றேகால் மீட்டர். ஐந்து மடங்குக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் கயிறு வேண்டும். ஏழு மடங்குக்கு இருபத்து மூன்று மீட்டர். இரண்டு மீட்டர் நீருக்குப் பத்து மீட்டர் கயிறு தாராளம் என்று நினைப்பவர், நடு இரவில் ஓதம் ஏறியதும் மூன்று மடங்கு கயிற்றில் நின்றுகொண்டிருப்பார்.

நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு, மூன்று மீட்டர் சங்கிலியைச் சேர்த்தால் பயன் அதிகம். சங்கிலியின் எடை கயிற்றின் அடிமுனையைத் தரையோடு படுக்க வைக்கிறது. படகு துள்ளும்போது முதலில் சங்கிலி எழும்பி, அதிர்ச்சியைத் தன்னிடமே வாங்கிக்கொள்கிறது. இந்தப் பகுதிக்கு அது இன்னொரு வகையிலும் அவசியம்: வெள்ளாற்று முகத்துவாரத்தில் சிப்பிப் படுகைகள் உண்டு. ஆளி எனப்படும் அந்தச் சிப்பியின் விளிம்பு கத்தியைப்போலக் கூரியது. இரவெல்லாம் அதன் மேல் உரசும் கயிறு காலையில் அறுந்திருக்கும்; சங்கிலிக்கு ஒன்றும் ஆகாது.

கயிற்றின் வகையும் கவனிக்க வேண்டியது. நைலான் கயிறு நீரில் அமிழும். இழுத்தால் நன்றாக நீண்டு கொடுத்துத் திரும்பும். மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலின் கயிறு நீரைவிட லேசானது என்பதால் மிதக்கும். மிதக்கும் கயிறு போகிற வருகிற படகுகளின் விசிறியில் சிக்கும். தொடர்ந்து வெயில் பட்டால் இழை இழையாக உதிரும். அதைத்தான் பயன்படுத்த முடியும் என்றால், சங்கிலியோ ஒரு சிறு எடையோ கட்டி நீருக்குள் தாழ்த்துவது நல்லது.

மணலும் சேறும்

வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் மணல். அங்கிருந்து தெற்கே பிச்சாவரத்து வாய்க்காலுக்குள் நுழைந்தால் முழங்கால் புதையும் சேறு. இரண்டும் நங்கூரத்தை வெவ்வேறு வகையில் பிடிக்கின்றன.

மணலின் வலிமை துகள்களுக்கு இடையிலான உராய்வில் இருக்கிறது. மேலிருந்து அழுத்தும் எடை கூடக் கூட அந்த உராய்வும் கூடும். அதனால் கூர்மையான அலகு சற்றே ஆழப் புதைந்தாலும் பிடி உறுதியாகிவிடும். நுண்களிமண்ணில் உராய்வுக்கு வேலை குறைவு. துகள்கள் ஒட்டிக்கொள்ளும் தன்மைதான் வலிமை. புதுச் சேற்றில் அதுவும் மிகக் குறைவு. மெல்லிய நான்கு கொக்கி நங்கூரம் சேற்றைக் கீறிக்கொண்டே வந்துவிடும். அங்கே அகன்ற அலகுள்ள நங்கூரம் வேண்டும். அலகு தண்டோடு விரியும் கோணமும் அதிகம் வேண்டும். கடற்படைகள் பயன்படுத்தும் நங்கூரங்களில் மணலுக்கு முப்பது பாகையைச் சற்றுத் தாண்டிய கோணமும் சேற்றுக்கு ஐம்பது பாகையும் வைப்பது இதனால்தான்.

சேற்றில் இன்னொரு வழி உண்டு. ஆழமில்லாத வாய்க்கால்களில் நீண்ட மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றி, அதில் படகைக் கட்டிவிடுவார்கள். மேல்சேறு மென்மையாக இருந்தாலும் ஒரு மீட்டருக்குக் கீழே களி இறுகியிருக்கும். கழி அந்த இறுகிய அடுக்கைத் தொட்டுவிடுகிறது. எந்தக் கடையிலும் வாங்காத இந்தக் கருவி, அந்த நிலத்துக்கு மிகப் பொருத்தமான நங்கூரம். கழியைச் சுற்றிய கயிறு நீர் ஏறும்போது மேலேயும் இறங்கும்போது கீழேயும் நழுவும்படி வளையமாக இருக்க வேண்டும்.

சுரபுன்னை மரங்களின் முட்டு வேர்களில் கட்டுவதைத் தவிர்க்க வேண்டும். அந்த வேர்களின் பட்டையில் உள்ள நுண்துளைகள் வழியாகத்தான் மரம் மூச்சு விடுகிறது. நாளுக்கு நான்கு முறை திசை மாறி இழுக்கும் கயிறு பட்டையை உரித்துவிடும். கரையை அரிப்பிலிருந்து காக்கும் மரத்தைப் புண்ணாக்கிப் படகைக் காப்பது நம் கரையையே நாம் அழிப்பதற்குச் சமம்.

நாளுக்கு நான்கு முறை திரும்பும் ஆறு

மேட்டு நிலத்து ஆற்றுக்கு ஒரே திசைதான். முகத்துவாரத்தை ஒட்டிய பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு அப்படி இல்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரம் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும். அடுத்த ஆறு மணி நேரம் வடியும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஓதம் முந்தைய நாளைவிட ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரை நெருங்கும்; அட்டமியை ஒட்டி அது பாதியாகக் குறையும்.

குஜராத்தின் காம்பே வளைகுடாவில் இந்த வேறுபாடு பத்து மீட்டரைத் தாண்டும். அதனோடு ஒப்பிட்டால் நம்முடையது சிறியது. ஆனால் குறுகலான முகத்துவாரத்தின் வழியே அவ்வளவு நீரும் போய்வர வேண்டியிருப்பதால் அங்கே வேகம் கூடிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னொரு விந்தையும் நடக்கும். லேசான மழைநீர் மேலே கடலை நோக்கிப் போகும். கனமான உப்புநீர் ஆப்பு வடிவில் அடியில் புகுந்து ஆற்றுக்குள் ஏறும். அப்போது படகு ஒரு நீரோட்டத்திலும் நங்கூரம் இன்னொரு நீரோட்டத்திலும் இருக்கும்.

திசை திரும்பும் நீரில் நங்கூரத்துக்கு இரண்டு சோதனைகள். முதலாவது, படகு நங்கூரத்தைச் சுற்றி மறுபக்கம் போகும்போது இழுவை எதிர்த்திசைக்கு மாறுகிறது. ஒரு பக்கம் பார்த்துப் புதைந்த அலகு பெயர்ந்து, மறுபடி புதைய வேண்டும். சுற்றும் கயிறு நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியில் மாட்டிக்கொண்டால் அது புதையாது. இரண்டாவது, இருபது மீட்டர் கயிறு என்றால் படகு நாற்பது மீட்டருக்கு மேல் விட்டமுள்ள வட்டத்தில் சுழலும். குறுகிய வாய்க்காலில் அதற்கு இடமில்லை; கரையில் மோதும், அல்லது அடுத்த படகில் மோதும்.

இதற்கு விடை இரட்டை நங்கூரம். ஒன்றை ஆற்றின் மேல்பக்கமும் மற்றொன்றைக் கீழ்ப்பக்கமும் போட்டு, இரண்டு கயிறுகளையும் அணியத்திலேயே கட்ட வேண்டும். ஏற்றத்தில் ஒன்று பிடிக்கும், வற்றத்தில் மற்றொன்று. படகு தன் நீளத்துக்குள்ளேயே திரும்பிக்கொள்ளும். ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் கட்டினால், நீர் திரும்பியதும் முழு விசையும் பின்பலகையில் விழும்.

கரையோடு கட்டும்போதும் இதே கணக்குதான். ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் முளைக்குக் கயிற்றை விறைப்பாகக் கட்டியிருக்கிறோம். நீர்மட்டம் ஒரு மீட்டர் மாறினால் கயிறு முப்பது சென்டிமீட்டர் நீள வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் ஏற்றத்தில் அணியம் நீருக்குள் இழுபடும்; வற்றத்தில் படகு ஒரு பக்கம் தொங்கிச் சாயும். அதே கயிற்றைப் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் முளைக்குக் கட்டியிருந்தால், அதே ஒரு மீட்டர் மாற்றத்துக்குக் கயிறு ஐந்து சென்டிமீட்டர் நீண்டால் போதும். கயிறு தாழும்போது விடும் சிறு தொய்வே அதைக் கொடுத்துவிடும்.

கரையைத் தேர்வது

ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவில் நீர் வேகமாகவும் ஆழமாகவும் ஓடும். கரையின் அடியை அரித்துக்கொண்டே இருக்கும். அங்கே ஆழம் இருப்பதால் படகை ஒட்டி நிறுத்தத் தோன்றும். ஆனால் அரிபட்ட கரை இடிந்து விழுவதும் அங்கேதான், அடித்துவரும் மரங்கள் மோதுவதும் அங்கேதான். உள்வளைவில் நீர் மெதுவாக ஓடி மணலைப் படிய வைக்கும். நங்கூரத்துக்கு நல்ல தரை, ஆனால் வற்றத்தில் படகு தரைதட்டலாம். தட்டினாலும் சமமான மணல் என்றால் கேடில்லை. கல்லோ வேரோ இருந்தால் படகின் அடி பிளக்கும்.

கரையை ஒட்டிய மெதுவான நீரில் நிற்பது எப்போதும் இலாபம். கரையிலும் தரையிலும் உரசும் நீர் வேகம் இழக்கிறது. நடு ஆற்றின் வேகத்தில் பாதிதான் கரையோரம் என்றால் படகின் மேல் விசை கால்வாசிதான். முகத்துவாரத்தின் கடல்வாயை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தேர்வு செய்யக் கூடாது. கடலலை ஆற்றின் வற்றத்தை எதிர்கொள்ளும் இடம் அது. அங்கே அலை செங்குத்தாக எழும். கரையோரமாக நகரும் மணல், முகத்துவாரத்துத் திட்டுகளைப் பருவத்துக்குப் பருவம் இடம் மாற்றுகிறது. போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதம் திட்டாக இருக்கும்.

வெயிலில் வரும் வெள்ளம்

கொள்ளிடக் கரைக்கு இன்னொரு ஆபத்து சேர்கிறது. காவிரியின் உபரி நீரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வழி அது. குடகிலும் கர்நாடகத்தின் பிற பகுதிகளிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டி, மேட்டூர் நிரம்பி வழிந்தால், முக்கொம்பில் திரும்பும் வெள்ளம் அணைக்கரையைத் தாண்டிச் சிதம்பரம் பக்கம் வந்து சேரும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் அப்படித்தான் வந்தது. திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் போன்ற கரையோர ஊர்கள் நீர் சூழ்ந்து, மக்களைப் படகில் வெளியேற்ற வேண்டியிருந்தது. உள்ளூரில் ஒரு துளி மழை இல்லாமலேயே ஆற்றின் மட்டம் மீட்டர் கணக்கில் உயரும். கட்டிய கயிறு குட்டை என்றால் படகு தன் கயிற்றாலேயே நீருக்குள் இழுக்கப்படும். வெள்ள நாளில் எந்தப் படகு மக்களைக் காக்க வேண்டுமோ அந்தப் படகே முதலில் போய்விடும்.

வெள்ளத்தோடு வாழைத்தண்டும் மரக்கிளையும் ஆகாயத்தாமரையும் வரும். அவை நங்கூரக் கயிற்றில் சிக்கிக் குவிந்தால் நீருக்கு முகம் கொடுக்கும் பரப்பு பல மடங்காகும். இரண்டு மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் குப்பை தரும் கூடுதல் இழுவை இருநூறு கிலோவை எட்டும். ஆகவே வெள்ள எச்சரிக்கை வந்ததும் நடு ஆற்றிலிருந்து படகை எடுத்து, கிளைக் கால்வாயிலோ மேட்டிலோ சேர்த்துவிட வேண்டும்.

நங்கூரத்தின் எல்லை

1749 ஏப்ரலில் இந்தக் கரையைத் தாக்கிய புயல், கடலூரின் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டைக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடைப்பட்ட திறந்த கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைச் சிக்கவைத்தது. தளபதி பாஸ்கவனின் கொடிக்கப்பலான நாமூர் அழிந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெம்புரோக் என்ற இன்னொரு போர்க்கப்பலும் பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே சிதைந்தது. பாஸ்கவன் அப்போது கரையில் இருந்ததால் தப்பினார். பெரிய பெரிய நங்கூரங்களைச் சுமந்த கப்பல்களின் கதி அது.

காற்றின் விசையும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று, இரண்டு சதுர மீட்டர் பரப்பில் இருபத்தேழு கிலோ விசையைத் தரும். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலின் காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. அதே பரப்பில் அது நூற்றெண்பது கிலோ. புயலோடு கடல்மட்டமும் ஏறுவதால் அளந்து விட்ட கயிறும் குறைந்துபோகும். இந்த நிலையில் சிறு படகைக் காக்கும் நங்கூரம் எதுவும் இல்லை. கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டின் எண் உயரத் தொடங்கினால் எஞ்சினைக் கழற்றி, படகை மேட்டுக்கு இழுத்து, கட்டி வைப்பது ஒன்றே வழி. படகுக்காக ஆற்றில் இறங்கி உயிரைவிட்டவர்கள் பலர். படகை மீண்டும் வாங்கலாம்.

இறக்குவது, எடுப்பது

செய்முறை எளிது, வரிசை மாறக் கூடாது. கயிற்றின் மறுமுனை படகில் கட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்து மெதுவாக வந்து, நிற்க வேண்டிய இடத்துக்கு மேல்பக்கமாக நிறுத்தி, நங்கூரத்தைக் கைமாற்றிக் கைமாற்றித் தரை தொடும்வரை இறக்க வேண்டும். வீசினால் கயிறு கொக்கியைச் சுற்றிக்கொள்ளும். சுருளுக்குள் கால் இருக்கவே கூடாது. படகு பின்னால் நகர நகரக் கயிற்றை விட்டு, கணக்கிட்ட நீளம் போனதும் அணியத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட வேண்டும். பிறகு எஞ்சினைப் பின்னோக்கி மெல்ல இயக்கினால் அலகு மண்ணில் இறங்கும்.

பிடித்துவிட்டதா என்பதைக் கரையே சொல்லும். பக்கவாட்டில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு மின்கம்பத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, சற்று நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கடலில் இடம் குறிக்க மீனவர்கள் கையாளும் அதே முறைதான். கோடு பிசகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது. உடனே செய்ய வேண்டியது இன்னும் கயிறு விடுவது. கயிற்றைச் சுருக்கி இழுப்பது நிலைமையை மோசமாக்கும்.

ஓதத்தின் நேரத்தையும் அளவையும் இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் அட்டவணையாக வெளியிடுகிறது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கடல் நிலையை முன்னறிவிக்கிறது. இந்த எண்கள் ஒவ்வொரு இறங்குதுறையிலும் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். படகு வாங்கக் கடனும் மானியமும் தரும்போது நங்கூரம், சங்கிலி, போதுமான நீளத்துக்குக் கயிறு ஆகியவற்றையும் படகின் பாகமாகவே எண்ண வேண்டும். இருபத்தைந்து மீட்டர் கயிறும் மூன்று மீட்டர் சங்கிலியும் படகின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு.

அதுவரை படகு வைத்திருப்பவர் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. கயிற்றில் ஐந்து மீட்டருக்கு ஒரு நிறத் துணியைப் பின்னலுக்குள் கோத்து வைக்கலாம்; துடுப்பிலோ கழியிலோ அரை மீட்டருக்கு ஒரு கோடு கீறி ஆழம் பார்க்கலாம். ஆழமும் நீளமும் தெரியாமல் ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்பவை வெறும் சொற்கள். இருட்டில் தடவிப் பார்த்தாலும் எத்தனை மீட்டர் போயிருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டால், அன்றிலிருந்து படகை நிறுத்துவது ஊகத்தின் வேலையாக இருக்காது, கணக்கின் வேலையாகிவிடும்.